காவற் கலங்களின் விகாரமும் மனிதப் பொறுப்பும்

மனிதனுக்கு நேரும் துன்பங்களை இரு வகையாகப் பகுத்து நோக்குவது நெடுங்கால வழக்கமாகும். அவனுடைய செயலால் விளைந்தவை ஒருவகை. அவனுடைய செயலுக்கு அப்பாற்பட்டு வந்து சேர்ந்தவை மற்றொருவகை. முதல்வகைத் துன்பத்திற்கு அவன் பொறுப்பாளி எனக் கருதப்படுகின்றான். இரண்டாம்வகைத் துன்பத்திற்கு ஆளானவன் இரக்கத்திற்குரியவன் ஆகின்றான். நீதிமன்றத் தீர்ப்புகளும், சமய போதனைகளும், அயலவர் பேச்சும் பெரும்பாலும் இப்பாகுபாட்டையே அடிப்படையாகக் கொண்டவை. திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு வேறோர் அதிகாரமும் வகுக்கப்பட்டிருப்பதும், அவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணுவனபோலத் தோன்றி உரையாசிரியர்களைச் சிந்திக்க வைத்ததும் யாவரும் அறிந்ததே. ஊழ் முடிவடைந்து முயற்சி தொடங்கும் எல்லை எங்குள்ளது என்ற வினா பழையது, விடை காணப்படாதது.

இன்றைய உயிரியல் இவ்வினாவிற்கு விடை தந்துவிடவில்லை. ஆயினும், அவ்வினாவைக் கேட்கும் முறையை அது மாற்றியுள்ளது. முதுமையில் நினைவை அழிக்கும் அல்சைமர் நோய் பற்றிய ஆராய்ச்சி, குறிப்பாக மூளையையும் குருதியையும் காக்கும் நிர்ப்பீடனக் கலங்களில் ஏற்படும் பரம்பரையலகு விகாரங்கள் பற்றிய ஆராய்ச்சி, இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். ஒருவருடைய உடலிலுள்ள ஒரு கலத்தில், அவர் அறியாமலே, ஓர் எழுத்து மாறிவிடுகின்றது. அம்மாற்றத்தினால் அவர் தம் அறிவை இழப்பதற்கான வாய்ப்புக் கூடுகின்றது, அல்லது குறைகின்றது. இதனை ஊழ் என்பதா, குற்றம் என்பதா, அன்றி வேறொன்றாகக் கொள்வதா? அவ்வாறு கொள்ளுமிடத்து, யாருக்கு யாது கடமை உண்டாகின்றது? இவையே ஈண்டு ஆராயப்படுகின்றன.

1901 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஜேர்மனியின் பிராங்போட் நகரிலிருந்த மனநோய் வைத்தியசாலையில், ஔகுஸ்ரே டேற்றர் என்னும் 51 வயதுப் பெண் அனுமதிக்கப்பட்டார். அவரைப் பரிசோதித்த வைத்தியர் அலொயிஸ் அல்சைமர், தம் பெயரை எழுதும்படி அவரிடம் கேட்டபோது அவரால் அதனை எழுதி முடிக்க இயலவில்லை. 1906 ஏப்ரலில் அப்பெண் இறந்தபின் அவரது மூளையை அல்சைமர் நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்தார்; அவ்வாண்டு நவம்பரில் ரியூபிங்கன் நகரில் நடைபெற்ற வைத்தியர் மகாநாட்டில் தாம் கண்டவற்றை விளக்கினார். நரம்புக்கலங்களுக்கு வெளியே விசித்திரமான படிவுகளும், அவற்றின் உள்ளே முறுக்குண்ட நார்ச்சிக்கல்களும் காணப்பட்டன. முன்னையவை அமைலோயிட்டு என்னும் புரதத்தினாலும், பின்னையவை தௌ என்னும் புரதத்தினாலும் ஆனவை எனப் பிற்காலத்தில் அறியப்பட்டது. 1910 இல் எமில் கிரப்பெலின் தமது மனநோய் மருத்துவ நூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

அல்சைமர் வேறொன்றையும் கண்டிருந்தார். நரம்புக்கலங்களுக்கு இடையேயுள்ள துணைக்கலங்கள் பலவற்றில் கொழுப்புத் துணிக்கைகள் நிறைந்திருந்தமையை 1907 இல் வெளியான தமது கட்டுரையில் அவர் குறிப்பிட்டுள்ளார். ஆயினும், அடுத்துவந்த பல பத்தாண்டுகள் ஆய்வாளரின் கவனம் படிவுகளிலும் சிக்கல்களிலுமே நிலைத்திருந்தது. குப்பை குவிந்து கிடந்தது யாவர் கண்ணிலும் பட்டது; குப்பையை அகற்ற வேண்டியவர் எங்கே போயினர் என்று கேட்டவர் சிலரே.

அகற்ற வேண்டியவை எவை என்பதை அறிவதற்கான முன்னோடி அறிவு அக்காலத்திலேயே தோன்றியிருந்தது. 1882 இல் இத்தாலியின் மெசினா நகரில், உருசிய நாட்டு அறிஞர் இலியா மெச்னிக்கோவ், உடுமீன் குடம்பியின் உடலினுள் ஒரு முள்ளைச் செலுத்தினார். அசையும் இயல்புடைய கலங்கள் அம்முள்ளைச் சூழ்ந்து கொண்டதை அவர் கண்டார். உடலினுட் புகும் அந்நியப் பொருளைச் சூழ்ந்து விழுங்கும் தின்குழியங்கள் பற்றிய கருத்து அங்ஙனம் பிறந்தது. அதற்காக 1908 இல் அவருக்கு, போல் ஏர்லிச்சுடன் பகிர்ந்து, நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1919 இல் ஸ்பானிய நாட்டு அறிஞர் பியோ டெல் றியோ ஒர்த்தேகா, மூளைக்குள்ளும் அத்தகைய கலங்கள் உள்ளன எனக் காட்டி, அவற்றை மைக்குரோகிளியா எனப் பெயரிட்டார். இக்கலங்கள் மற்றைய மூளைக்கலங்களைப் போன்று தோன்றியவையல்ல. முளைய வளர்ச்சியின் மிக ஆரம்பக் கட்டத்தில், கருவூண் பையில் தோன்றி, மூளை உருவாகிக் கொண்டிருக்கும்போதே அதனுட் குடியேறி, வாழ்நாள் முழுவதும் அங்கேயே பெருகி நிலைப்பவை எனச் சுண்டெலிகளில் நடத்தப்பட்ட ஆய்வுகள் 2010 இல் எடுத்துக்காட்டின. பிறப்பதற்கு முன்னரே மூளைக்குள் வந்து சேர்ந்த காவலர் என அவற்றைக் கூறலாம்.

நிர்ப்பீடனம் என்பது 'தான்' என்பதையும் 'பிறிது' என்பதையும் வேறுபடுத்தியறியும் ஆற்றல் என விளக்கியவர் அவுஸ்திரேலிய அறிஞர் மக்பாலேன் பேர்னற் ஆவார். 1960 இல் நோபல் பரிசைப் பீற்றர் மெடவாருடன் பகிர்ந்து கொண்ட அவர், மெய்யியற் சொல்லொன்றை உடற்றொழிலியலுக்குள் கொணர்ந்தார் எனல் தகும். ஆயின், அல்சைமர் நோயில் அச்சொல் தடுமாறுகின்றது. மூளையிற் படியும் அமைலோயிட்டு வெளியிலிருந்து வந்த பகையன்று. உடல் தானே ஆக்கிய புரதத்தின் ஒரு துண்டு. அதனைச் சூழ்ந்து நிற்பதும் உடலின் கலமே. அக்கலம் கடமையிற் குறைந்தாலும் கேடு; மிகைப்பட்டு நரம்பிணைப்புக்களையே விழுங்கத் தொடங்கினாலும் கேடு. பகைவனைத் துரத்தும் காவற்காரனின் தொழிலிலும் பார்க்க, களை பிடுங்கும் தோட்டக்காரனின் தொழிலுக்கே அதன் பணி ஒத்ததாகும். எதனைப் பிடுங்குவது, எதனை விடுவது என்ற தெரிவில்தான் எல்லாம் தங்கியுள்ளது.

அத்தெரிவு பரம்பரையலகுகளினால் எவ்வாறு பாதிக்கப்படுகின்றது என்பதை இரு வகை விகாரங்களின் வாயிலாக விளங்கிக்கொள்ளலாம். முதலாவது, பெற்றோரிடமிருந்து வருவது. 2012 இன் இறுதியில் இரு ஆய்வுக் குழுக்கள், ஒன்று ஐஸ்லாந்திலும் மற்றொன்று இலண்டனை மையமாகக் கொண்டும், தனித்தனியே ஒரே முடிபுக்கு வந்தன. மைக்குரோகிளியாக் கலங்களின் மேற்பரப்பில் ட்ரெம்2 என்னும் ஒரு வாங்கிப் புரதம் உண்டு. அப்புரதத்தின் 47 ஆவது இடத்தில் ஆர்ஜினின் என்னும் அமினோவமிலத்திற்குப் பதிலாக ஹிஸ்ரிடின் அமைந்துவிடின், அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு மடங்காகின்றது. இவ்விகாரம் அரிதானது, ஐஸ்லாந்து மக்களில் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவானோரிடமே அது காணப்பட்டது. ட்ரெம்2 கொழுப்புப் பொருள்களையும் அமைலோயிட்டையும் உணரும் ஒரு கைபோலச் செயற்படுகின்றது. அக்கை வலுக்குன்றினால் காவற் கலங்கள் படிவைச் சூழ்ந்து இறுக்கமான அரணாக அமைவதில்லை. படிவின் கரைகள் கலைந்து பரவி, அயலிலுள்ள நரம்பிழைகளைச் சிதைக்கின்றன.

இதே பரம்பரையலகின் இரு பிரதிகளும் செயலிழந்து பிறப்போர் நாசு-ஹக்கோலா நோய் என்னும் மிக அரிய நோய்க்கு ஆளாகின்றனர். 1970 களில் யப்பானிலும் பின்லாந்திலும் விவரிக்கப்பட்ட அந்நோயில் முதலில் என்புகளிற் குழிகள் தோன்றி, பின்னர் நாற்பது வயதளவிலேயே அறிவு மங்குகின்றது. மாறாக, ட்ரெம்2 அனுப்பும் செய்தியைக் கலத்தினுள் எடுத்துச் செல்லும் ஒரு நொதியத்தின் பரம்பரையலகில் ஏற்படும் வேறொரு மாற்றம் நோய்வாய்ப்பைக் குறைக்கின்றது என 2017 இல் அறியப்பட்டது. அந்த நொதியத்தின் செயலை அது சிறிதளவு கூட்டுகின்றது. ஆனால், அதே பரம்பரையலகின் வேறு மாற்றங்கள் நிர்ப்பீடனத் தொகுதியைக் குழப்பிக் கடும் நோய்களை உண்டாக்குகின்றன. அளவாகக் கூடினால் காப்பு. அளவு தவறினால் அழிவு.

இவ்விடத்தில் 'வாய்ப்பு' என்ற சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்துதல் அவசியம். விளக்கத்தின் பொருட்டு, ஒரு குறித்த வயதுக்குள் நூறுபேரில் பத்துப்பேர் இந்நோய்க்கு ஆளாவர் என எடுத்துக்கொள்வோமாயின், மும்மடங்கு வாய்ப்பு என்பது நூறுபேரில் முப்பதுபேர் ஆளாவர் என்பதையே குறிக்கும். எஞ்சிய எழுபதுபேர் அதே விகாரத்தைச் சுமந்துகொண்டே நோயின்றி வாழ்வர். அம்முப்பதின்மர் யாவர் என்பதை அவ்வெண் கூறாது. ஒரே பரம்பரையலகுத் தொகுதியைக் கொண்ட இரட்டையரிலும் ஒருவர் நோயுற மற்றவர் நோயுறாதிருக்கக் காணலாம். நிகழ்தகவு ஒரு கூட்டத்தைப் பற்றிய கூற்று. ஊழ் ஒரு தனிமனிதனைப் பற்றிய கூற்று. முன்னையதைப் பின்னையதாக வாசிப்பதே பரம்பரையலகு அறிவு பொதுமக்களிடையே பரவும்போது நிகழும் முதற் பிழையாகும்.

இரண்டாவது வகை விகாரம் பிறப்புடன் வருவதன்று, வாழும்போது நேர்வது. என்பு மச்சையிலுள்ள குருதி மூலக்கலம் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 15 முதல் 20 வரையான புதிய விகாரங்களைப் பெறுகின்றது. எழுபது வயதை எட்டிய ஒருவருடைய மூலக்கலம் ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் சேர்ந்திருக்கும். அவற்றுட் பெரும்பாலானவை யாதொரு விளைவையும் தரா. சிலவேளைகளில் ரெற்2, டி.என்.எம்.ரி.3ஏ போன்ற பரம்பரையலகுகளில் நேரும் விகாரம், அதனைப் பெற்ற கலத்திற்குச் சிறிது பெருகும் வலுவைக் கொடுத்துவிடுகின்றது. அக்கலத்தின் வழித்தோன்றல்கள் மெல்ல மெல்லக் குருதியிற் பெரும் பங்கைக் கைப்பற்றுகின்றன. எழுபது வயதுக்கு மேற்பட்டோரில் பத்தில் ஒருவருக்கேனும் இந்நிலை உண்டு என 2014 இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அத்தகையோருக்குக் குருதிப் புற்றுநோயும் இதய நோயும் வரும் வாய்ப்புக் கூடுகின்றது என்பதும் அறியப்பட்டது. முதுமை என்பது கலங்களிற் சேரும் விகாரங்களின் விளைவே எனப் பேர்னற் 1974 இல் ஒரு நூலில் வாதாடியிருந்தமை இங்கு நினைவுகூரத்தக்கது.

இத்தகையோருக்கு அல்சைமர் நோயும் கூடுதலாக வரும் என்றே பலர் எதிர்பார்த்திருந்தனர். 2023 இல் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு இதற்கு நேர்மாறான முடிபைத் தந்தது: குருதியில் இத்தகைய விகாரக் குலங்களைக் கொண்டோரிடம் அல்சைமர் நோய் மூன்றிலொரு பங்கு அளவிற்குக் குறைவாகவே காணப்பட்டது. மேலும், ஆராயப்பட்ட எண்மருள் எழுவரின் மூளையிலும் அதே விகாரங்களைத் தாங்கிய நிர்ப்பீடனக் கலங்கள் இருந்தன. என்பு மச்சையிற் பிறந்த விகாரக் கலங்கள் மூளைக்குட் சென்று, களைப்புற்ற காவலருக்குத் துணையாகின்றன போலும் என்ற கருதுகோள் எழுந்தது. ரெற்2 விகாரம் கொண்ட கலங்கள் அமைலோயிட்டைக் கூடுதலாக விழுங்குவதாகப் பின்னர் எலிகளில் நடந்த ஆய்வொன்றும் கூறியது, டி.என்.எம்.ரி.3ஏ விகாரத்திற்கு அவ்வாற்றல் காணப்படவில்லை. ஆனால், 2024 இல் வெளிவந்த வேறோர் ஆய்வு, அல்சைமர் நோயால் இறந்தோரின் மைக்குரோகிளியாக் கலங்களில் புற்றுநோயைத் தூண்டும் வகையான விகாரங்கள் மற்றையோரினும் மிகுந்திருப்பதையும், அவை அழற்சியைத் தூண்டும் நிலையுடன் தொடர்புற்றிருப்பதையும் எடுத்துக்காட்டியது. எலிகளின் முளையத்தில், மைக்குரோகிளியாவின் முன்னோடிக் கலங்களில் பி-ராவ் என்னும் பரம்பரையலகின் விகாரமொன்று புகுத்தப்பட்டபோது அவை வளர்ந்தபின் நரம்புச் சிதைவுக்கு ஆளாயின என்பதும் 2017 இலேயே காட்டப்பட்டிருந்தது.

இம்முடிபுகள் ஒன்றோடொன்று முழுமையாக இணங்கவில்லை; அவற்றை இணக்கும் பணி ஆய்வுகூடங்களுக்கு உரியது. எனினும், அறவியல் நோக்கில் ஒரு செய்தி தெளிவாகின்றது. 'நல்ல பரம்பரையலகு', 'கெட்ட பரம்பரையலகு' என்ற வழக்கு பொருளற்றது. ஒரே மாற்றம் குருதியில் புற்றுநோயின் முதற்படியாகவும், இதயத்தில் தீங்காகவும், மூளையில் ஒருகால் காப்பாகவும் அமையக்கூடும். ஒரு மாற்றத்தின் பெறுமதி அது நிகழ்ந்த இடம், காலம், அயல் ஆகியவற்றிலேயே தங்கியுள்ளது. கலத்திற்குப் பெருகும் வேட்கையுண்டு. நன்மை தீமை பற்றிய நோக்கம் இல்லை. நோக்கமில்லாத இடத்தில் குற்றம் இல்லை.

மேலும், இவ்விரண்டாம்வகை விகாரம் முன்னர்க் கூறிய இருவகைப் பாகுபாட்டுள் அடங்க மறுக்கின்றது. இது முன்னோரிடமிருந்து வந்ததன்று. ஆகவே குலத்தின் மேற் சுமத்துதல் இயலாது. இது பெரும்பாலும் நடத்தையால் வந்ததுமன்று. புகைத்தல் போன்ற பழக்கங்கள் சில விகாரக் குலங்களின் பெருக்கத்துடன் தொடர்புடையன என்பது உண்மையே. ஆயினும், மிகப் பெரிய காரணி வயதேயாகும். வாழ்ந்ததைத் தவிர வேறு யாதும் செய்யாதவருக்கும் அது நேர்கின்றது. பரம்பரை, நடத்தை என்ற இரண்டுக்கும் புறம்பான மூன்றாவது ஒன்றாகத் தற்செயல் இங்கு நிற்கின்றது. அறச்சிந்தனை தற்செயலுக்கு இடங்கொடுக்க எப்பொழுதும் தயங்கியே வந்துள்ளது; காரணமின்றி வந்த துன்பத்தினும் காரணத்தோடு வந்த தண்டனையை ஏற்பது மனித மனத்திற்கு எளிதாக உள்ளமையே அதற்குக் காரணம் போலும்.

1976 இல் பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய இரு மெய்யியலாளர் இத்தயக்கத்தையே ஆராய்ந்தனர். ஒருவனைப் பற்றிய அறத்தீர்ப்புகளிற் பெரும்பகுதி அவனது கட்டுப்பாட்டில் இல்லாதவற்றைச் சார்ந்தே வழங்கப்படுகின்றது என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். ஒருவன் எவ்வகை இயல்போடு பிறந்தான், எச்சூழ்நிலையில் வைக்கப்பட்டான் என்பன அவன் தேர்ந்தவையல்ல. இக்கருத்தை முதுமை மறதி நோய்க்குப் பொருத்திப் பார்க்குமிடத்து இரு தவறான முடிபுகள் தெளிவாகப் புலப்படும். நோய் ஊழின் விளைவே எனக் கொள்பவன் முயற்சியைக் கைவிடுகின்றான். நோய் வாழ்க்கைமுறையின் விளைவே எனக் கொள்பவன், நோயுற்றவனைப் பார்த்து, நீ ஒழுங்காக உண்டிருக்கலாம், நடந்திருக்கலாம், படித்திருக்கலாம் என மறைமுகமாகக் குற்றஞ்சாட்டுகின்றான். முற்பிறப்பின் வினை என்று கூறி அமைதியடைவோனும், நோயாளியிடமே காரணத்தைத் தேடும் அளவில், இரண்டாமவனுக்கு வெகுதொலைவில் இல்லை. வினைக்கொள்கை தன் துன்பத்தைத் தாங்குவதற்கு ஒருவன் தானே மேற்கொள்ளும் துணையாகலாம். பிறன் துன்பத்தை அளக்கும் கோலாக அதனைக் கொள்ளுதல் கொடுமையாகும்.

இனி, அறிதல் பற்றிய வினாவிற்கு வரலாம். நோய்வாய்ப்பை அறியும் வழி உண்டாகியபின், அதனை அறிந்துகொள்வது கடமையா? டி.என்.ஏ. யின் கட்டமைப்பைக் கண்டறிந்தோருள் ஒருவரான ஜேம்ஸ் வாற்சனின் முழுப் பரம்பரையலகுத் தொகுதியும் 2007 இல் வாசிக்கப்பட்டு வெளியிடப்பட்டது. அதில் ஒரேயொரு பகுதியை மட்டும் தமக்கும் கூற வேண்டாம், உலகுக்கும் வெளியிட வேண்டாம் என அவர் கேட்டுக்கொண்டார். அது அப்போ-ஈ என்னும் பரம்பரையலகு. அதன் நான்காம் வகையைச் சுமப்போருக்கு அல்சைமர் நோய்வாய்ப்பு மிகுதி என்பது 1993 இல் அறியப்பட்டிருந்தது. வாற்சனின் பாட்டியார் ஒருவரும் அந்நோயால் வருந்தியவர். ஆனால், அப்பரம்பரையலகுக்கு அயலிலுள்ள குறிகளைக் கொண்டே மறைக்கப்பட்டதை ஊகிக்கலாம் என வேறு ஆய்வாளர் சுட்டிக்காட்டியதும், சுற்றியுள்ள நீண்ட பகுதியையும் நீக்க வேண்டியதாயிற்று. பரம்பரையலகு அறிவை உலகுக்குத் திறந்துவிடுவதில் முன்னின்ற ஒருவரே தம்மைப் பற்றிய ஒரு பக்கத்தை மூடிவைக்க விரும்பினார். அதனைக் கோழைத்தனம் எனல் பொருந்தாது. அறிந்தபின் செய்யக்கூடியது யாதுமில்லை எனக் கருதுமிடத்து, அறியாதிருக்கும் உரிமையும் உரிமையே.

ஆயின், அவ்வுரிமைக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2009 இல் வெளியான ஓர் ஆய்வில், அல்சைமர் நோயாளரின் வளர்ந்த பிள்ளைகள் 162 பேருள் ஒரு சாராருக்கு அப்போ-ஈ வகை தெரிவிக்கப்பட்டது. மறு சாராருக்குத் தெரிவிக்கப்படவில்லை. தக்க ஆலோசனையுடன் தெரிவிக்கப்பட்டவர்கள் மற்றையோரினும் மிகுந்த மனக்கலக்கத்திற்கு ஆளாகவில்லை எனக் காணப்பட்டது. உண்மை மனிதனை முறித்துவிடும் என்ற அச்சம் சிலவேளைகளில் மிகைப்பட்டதென இதிலிருந்து கொள்ளலாம்.

இவ்விடத்தில் இருவகை விகாரங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு அறவியல் முக்கியத்துவம் பெறுகின்றது. பெற்றோரிடமிருந்து வந்த விகாரத்தைப் பற்றிய அறிவு ஒருவருக்கு மட்டும் உரியதன்று. அவருடைய உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் அதே விகாரத்தைக் கொண்டிருக்கப் பாதியளவு வாய்ப்புண்டு. அவர் தம்மை அறியும்போது, அவர்களுடைய அனுமதியின்றியே அவர்களைப் பற்றியும் ஓரளவு அறிந்துவிடுகின்றார். தாம் அறிந்ததை வெளியிடும்போது அவர்களையும் வெளியிட்டுவிடுகின்றார். மாறாக, என்பு மச்சையில் வாழ்நாளிடையே தோன்றிய விகாரம் அவருடன் தொடங்கி அவருடன் முடிவது. அது மகனையோ மகளையோ பற்றி எதுவும் கூறாது. முன்னைய அறிவு குடும்பச் சொத்தின் தன்மையுடையது. பின்னையது தனியொருவரின் நாட்குறிப்புப் போன்றது. இரண்டையும் 'பரம்பரையலகு நோய்' என்ற ஒரே சொல்லால் அழைப்பது ஆபத்தானது. திருமணப் பேச்சின்போது எதிர்வீட்டாரின் குடும்பத்தில் மனநோயோ புத்திமாறாட்டமோ உண்டா என்று விசாரிக்கும் வழக்கமுள்ள தமிழ்ச் சமூகம் போன்றவற்றில் இவ்வாபத்து மேலும் பெரிதாகும். ஒரு முதியவரின் மறதி குடும்பத்தின் மறுவாகக் கருதப்படும் இடத்தில், மறதியை மறைப்பதே குடும்பத்தின் கடமையாகிவிடுகின்றது. மறைக்கப்பட்ட முதியவருக்கு வைத்தியமும் இல்லை, வெளியுலகமும் இல்லை. விகாரங்களுட் பல முன்னோரிடமிருந்து வராதவை என்பதையும், வந்தவையும் விதியல்ல என்பதையும் எடுத்துரைப்பது அத்தகைய சமூகத்தில் அறிவியற் பணி மட்டுமன்று, அறப்பணியுமாகும்.

அறிவின் பாரத்தைத் தனியொருவர் மேலேயே ஏற்றிவிடும் போக்கு சட்டங்களிலும் காணப்படுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2008 இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, பரம்பரையலகுச் செய்தியைக் கொண்டு வேலை தருவோரும் மருத்துவக் காப்புறுதியாளரும் பாரபட்சம் காட்டுவதைத் தடைசெய்தது. ஆயின், ஆயுட் காப்புறுதியும், முதுமையில் நீண்டகாலப் பராமரிப்புக்கான காப்புறுதியும் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே விடப்பட்டன. முதுமை மறதி நோயாளருக்குப் பெரிதும் வேண்டப்படுவது நீண்டகாலப் பராமரிப்பே. எந்த இடத்தில் பாதுகாப்பு மிகவும் தேவையோ அந்த இடத்திலேயே வேலி திறந்திருக்கின்றது. தற்செயலாய் நேர்ந்த ஒன்றுக்காக ஒருவர் கூடிய விலை செலுத்த வேண்டுமெனின், குற்றமில்லாத இடத்தில் தண்டனை விதிக்கப்படுகின்றது என்பதே பொருள்.

நோய்வாய்ப்பைக் குறைக்கும் முயற்சி வீண் என்று இதனாற் கொள்ளலாகாது. 2024 இல் மருத்துவ சஞ்சிகையான லான்செற்றின் ஆணைக்குழு, மாற்றத்தக்க 14 காரணிகளைக் குறிப்பிட்டு, உலகின் முதுமை மறதி நோய்களில் ஏறக்குறைய 45 சதவீதம் அவற்றுடன் தொடர்புடையது என மதிப்பிட்டது. இளமைக் கல்வியின்மை, செவிப்புலக் குறைவு, உயர் குருதியமுக்கம், நீரிழிவு, புகைத்தல், காற்று மாசடைதல், சமூகத் தனிமை என்பன அவற்றுட் சில. இப்பட்டியலை ஊன்றி நோக்குவோர் ஒன்றைக் காண்பர். அவற்றுட் பல தனிமனிதனின் தெரிவுகளல்ல. பள்ளிக்கூடம் கட்டாத ஊரில் பிறந்த பெண் தன் கல்வியின்மையைத் தேர்ந்துகொள்ளவில்லை. புகைமண்டிய நகரில் வாழும் தொழிலாளி தான் சுவாசிக்கும் காற்றைத் தேர்ந்துகொள்ளவில்லை. ஆள்வினை இங்குத் தேவை. ஆயின், அது நோயாளியிடம் மட்டும் வேண்டப்படும் ஆள்வினையன்று, சமூகத்தின் ஆள்வினையாகும். ஊழை வெல்லும் முயற்சியைத் தனியொருவனின் விடாமுயற்சியாகவே விளங்கிக்கொள்வது வழக்கம். அதனைக் கூட்டு முயற்சியாகவும் விளங்கிக்கொள்ள இவ்வறிவு இடந்தருகின்றது.

இறுதியாக, காவற் கலங்கள் தோற்றுப்போய் நினைவு அழிந்தபின் எஞ்சியிருப்பவர் யார் என்ற வினா எழுகின்றது. ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக், 1694 இல் தமது நூலின் இரண்டாம் பதிப்பிற் சேர்த்த அத்தியாயமொன்றில், ஒருவன் அதே ஆளாக நிலைப்பது அவனுடைய நனவும் நினைவும் தொடரும் வரையிலுமே என விளக்கினார். இதனை அப்படியே ஏற்பின், தம் பெயரை எழுத இயலாதிருந்த டேற்றர் அம்மையார் அவ்வேளையிலேயே தாமல்லாதவராய் விட்டார் எனக் கூற நேரிடும். சைவசித்தாந்தம் வேறொரு வழியைக் காட்டுகின்றது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய அகக்கருவிகளிலிருந்து உயிர் வேறானது என நிறுவ முயல்கின்றது. அவை மாயையின் காரியங்கள்; சடப்பொருள்கள். அந்நோக்கில், நினைவிழப்பு என்பது கருவியின் பழுதேயன்றி ஆளின் அழிவன்று. உயிர் என ஒன்று தனித்து உண்டென்பதை ஏற்காதவர்க்கும் இதில் ஓர் அறக்கருத்து எஞ்சுகின்றது: ஒருவருக்குக் காட்டப்படும் மதிப்பு அவருடைய கருவிகள் நன்கு இயங்குவதற்கான கைம்மாறு அன்று. தந்தையின் பெயரைத் தந்தையே மறந்தபின்னும் பிள்ளைகள் அவரை அப்பெயரால் அழைக்கலாம். அவர் யாரென்ற நினைவு அவருள் அழிந்தபோது அது பிறருள் தங்கி நிற்கின்றது; அதனைக் காப்பது அவர்களுடைய பொறுப்பாகின்றது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பொறுப்பு என்ற சொல்லுக்கு இரு பொருள்கள் உள்ளமை புலனாகும். ஒன்று, நேர்ந்ததற்குக் காரணமானவர் யார் என்று பின்நோக்கிக் கேட்பது. மற்றொன்று, நேர்ந்ததற்கு ஆவன செய்ய வேண்டியவர் யார் என்று முன்நோக்கிக் கேட்பது. நிர்ப்பீடனக் கலங்களின் விகாரம் பற்றிய ஆராய்ச்சி, முதற்கேள்விக்கு விடையாக எந்த மனிதனையும் சுட்டிக்காட்ட இயலாதென்பதை மேன்மேலும் தெளிவாக்கி வருகின்றது. அதனால் இரண்டாம் கேள்வி மறைந்துவிடுவதில்லை. மாறாக, அது தனித்து நின்று விடையை வேண்டுகின்றது. இன்று உலகில் ஐந்து கோடிக்கும் மேற்பட்டோர் முதுமை மறதி நோய்களுடன் வாழ்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் வருமானங் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளைச் சேர்ந்தோர். அவர்களைப் பராமரிப்பவர்களுட் பெரும்பான்மையோர் ஊதியமின்றி உழைக்கும் மனைவியரும் மகள்மாருமாவர். ஒரு கலத்தில் ஓர் எழுத்து மாறாதிருந்த தற்செயலால் நோயிலிருந்து தப்பியவர், மாறியமையால் நோயுற்றவரினும் சிறந்தவரல்லர். அவ்வுண்மையை உணர்ந்த சமூகம் அப்பராமரிப்பின் பாரத்தை ஒரு வீட்டின் அடுப்படிக்குள் அடைத்துவைக்க மாட்டாது; தன் வரிப்பணத்திலும், வைத்தியசாலையிலும், சட்டத்திலும் அதனைப் பகிர்ந்துகொள்ளும்.